ஒரே மந்தை, இரண்டு கல்லறை

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஒருத்தி எழுதியது)

ஜனவரி 18 முதல் 25 வரை உலகெங்கும் உள்ள கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் ஒற்றுமை வேண்டி மன்றாடுகிறார்கள். அதைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று எங்கள் வகுப்பு சிஸ்டர் சொன்னபோது, இது மிக எளிய வேலை என்றே நாங்கள் எண்ணினோம். மேல்பட்டாம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. கத்தோலிக்கக் கோயிலும் இங்கே உண்டு. லுத்தரன் கோயிலும் உண்டு. இரண்டு கோயில் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அல்ஜிப்ராவுக்கு ஒன்றாகவே பயப்படுகிறோம். பண்ணுருட்டிச் சாலையில் நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டியைக் கண்டால் ஒன்றாகவே கை நீட்டுகிறோம். இதைவிட வேறென்ன ஒற்றுமை வேண்டும் என்றுதான் கேட்கத் தோன்றியது.

எங்கள் பாட்டிமார் காலம் அப்படி இருக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் ஆயா, லுத்தரன் கோயிலைக் கடக்கும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அந்தப் பக்கத்திலும் குறைவில்லை. நாம் மாதா சுரூபத்துக்கு முன்னே முழங்காலிடுவதைப் பார்த்து விக்கிரக ஆராதனை என்று அவர்களுடைய ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களாம். பேச்சுமொழியே இரண்டாக இருந்தது. நாம் பூசை என்றால் அவர்கள் ஆராதனை என்பார்கள். நாம் சாமியார் என்றால் அவர்கள் ஐயர் என்பார்கள். நமக்கு நற்கருணை, அவர்களுக்கு இராப்போஜனம். நம் ஆயாமாருக்கு இராயப்பர், சின்னப்பர், அருளப்பர்; அவர்களுக்குப் பேதுரு, பவுல், யோவான். ஒரே அப்போஸ்தலர்கள்தாம், ஆனால் இரண்டு வீட்டில் இரண்டு பெயர். சிறு வகுப்பில் படிக்கும்போது, இராயப்பரும் பேதுருவும் வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணி எங்களில் ஒருத்தி பரீட்சையில் இருவரைப் பற்றியும் தனித்தனியே எழுதி வைத்தாள்! மதிப்பெண் என்ன கிடைத்தது என்பதை அவள் இன்றுவரை சொல்லவில்லை.

இந்தச் சுவர் எப்படித் தாழ்ந்தது என்று நூலகத்தில் தேடிப் படித்தோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21-ஆம் நாள் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. அதன் பிறகு நம் குருக்கள் பிற சபையாரைப் பிரிந்த சகோதரர் என்று அழைக்கப் பழகினார்கள். 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபை அறிஞர்களும் கூடி உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு தமிழில் வந்தது. அதிலே நம் இராயப்பர் பேதுரு ஆகிவிட்டார். சின்னப்பர் பவுல் ஆகிவிட்டார். இது சிறிய காரியமன்று. முந்நூறு ஆண்டுகளாகப் பழகிய பெயரை அண்டை வீட்டாருக்காக விட்டுக்கொடுப்பது எளிதா என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நம் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. மனிதர் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவதைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரும் சண்டையின் அடிப்படையில் இனி நமக்குள் ஒத்த கருத்து உண்டு என்று அதில் அறிவித்தன. மார்ட்டின் லூத்தர் தம் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை வெளியிட்டதும் ஓர் அக்டோபர் 31-ஆம் நாள்தான், 1517-இல்.

இதோடு கட்டுரையை முடித்து, ஒற்றுமையே உயர்வு என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றிருந்தோம். அப்பொழுது எங்கள் லுத்தரன் தோழி ஒருத்தி, “எங்க கோயில் இந்த ஊருக்கு ஏன் வந்துச்சுன்னு எழுதினீங்களா?” என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியாது. அவள் தன் தாத்தாவிடம் கேட்டதைச் சொன்னாள். பிறகு நாங்களும் படித்துத் தெரிந்துகொண்டோம்.

1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் ஏற்று நடத்தியது. கார்ல் ஓக்ஸ் என்பவர் அந்த மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு மிஷன்களை எல்லாம் ஒரே கேள்வி வாட்டிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்றவன் சாதியை வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்குழப்பம் உண்டாயிற்று. பந்தியிலும் பாத்திரத்திலும் கலக்க மனமில்லாத பலர் அந்தச் சபையையே விட்டார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் லைப்சிக் மிஷன் கதவைத் திறந்தது.

லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை பயணம் செய்து இந்தியாவை நேரில் பார்த்தவர், தமிழ் கற்றவர். சாதி என்பது சமூக வழக்கம், மதக் காரியம் அன்று, அதைக் கட்டாயத்தால் அறுக்காமல் சுவிசேஷம் மெல்ல மெல்லக் கரைக்கும்படி விட வேண்டும் என்பது அவர் கருத்து. ஓக்ஸ் அதை ஏற்கவில்லை. ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் அருந்திவிட்டு வீட்டுக்குப் போய் ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்பவனை எப்படிக் குருவாக அபிஷேகம் செய்வது என்ற வகையில் அவர் வாதம் இருந்தது. வாதம் முற்றிப் பிளவாயிற்று. ஓக்ஸ் மிஷனை விட்டு வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் நம் பட்டாம்பாக்கத்துக்கு வந்து ஒரு நிலையத்தை நிறுவி அதற்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் டென்மார்க் நாட்டு மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. அப்படி வளர்ந்ததுதான் இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அவர் விட்டு வந்த லைப்சிக் மிஷனின் சபைகளோ 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின. இரண்டும் ஒரே லூத்தரைப் பின்பற்றுகின்றன, ஒரே விசுவாச அறிக்கையை ஓதுகின்றன. ஆயினும் இன்றும் இரண்டு திருச்சபைகள்.

பெத்தானியா என்றால் என்னவென்று மறைக்கல்வி படித்த நமக்குத் தெரியும். மார்த்தாள், மரியாள், இலாசர் ஆகியோரின் ஊர். இயேசு சாப்பிட உட்கார்ந்த வீடு. ஓக்ஸ் அதை எண்ணித்தான் பெயர் வைத்தாரா என்பது எங்கள் ஊகமே. ஆனால் யார் யாரோடு சாப்பிடலாம் என்ற சண்டையில் பிறந்த ஓர் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பஸ்ஸில் எத்தனை முறை அந்த வழியாய்ப் போயிருப்போம்! நம் ஊரின் பெயர் இப்படியொரு சரித்திரத்தில் இருக்கிறதென்று எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இதைக் கேட்டதும் நாங்கள் செய்தது நல்ல செயல் அன்று. “உங்களுக்குள்ளேயே ரெண்டா? அதுவும் சாதிக்காகவா?” என்று அந்தத் தோழியைக் கேலி செய்தோம். கத்தோலிக்கத் திருச்சபை ஒன்றே, பரிசுத்தம், பொதுவானது என்று விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் சொல்லுகிறவர்கள் அல்லவா நாங்கள்?

அப்பொழுது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். பஸ் பிடித்து வெளியூரிலிருந்து வருகிற கத்தோலிக்கப் பெண். அதிகம் பேசாதவள். “எங்க ஊர்ல ரெண்டு கல்லறைத் தோட்டம் இருக்கு” என்றாள். அவ்வளவே சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மீதியைச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு நாங்கள் கேட்டுக் கேட்டு வாங்கினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய ஆயா இறந்துபோனார். ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் செபமாலை சொன்னவர். தவக்காலத்தில் ஒருநாளும் சிலுவைப்பாதை தவறாதவர். கோயிலிலிருந்து நேரே தெற்கே நடந்தால் பத்து நிமிடத்தில் கல்லறைத் தோட்டம். ஆனால் அது ஊர்த்தெருவாருடையது. காலனியாரின் பிரேதம் அந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். ஆகவே தூம்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு சுற்றி, மழைநாளில் முழங்கால் சேற்றில் இறங்கி, வேறொரு தோட்டத்துக்குப் போனார்கள். அந்தத் தூம்பாவும் வேறுதான். கோயிலில் இருக்கும் நல்ல தூம்பா அவர்களுக்குக் கிடையாது.

ஊரின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார்கள். எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் ஒன்று நேர்ந்தது. எங்களில் நான்கு பேர், அது தங்கள் ஊரைப் பற்றியதோ என்று தனித்தனியே வந்து கேட்டார்கள்.

உத்தரிக்கிற ஸ்தலத்துக்கும் இரண்டு வாசலா இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு நம் வீட்டுச் சரித்திரத்தையும் புரட்டினோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள்ளே ஒரு பிரிவினரை மற்றவர்களிடமிருந்து மறைக்கும்படி ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைக் கண்டு பொறுக்காமல் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. உடனே உயர்ந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கிறிஸ்தவர்கள் கூட்டம் கூடி எதிர்த்தார்கள். தெற்கே வடக்கன்குளத்தில் கோயில் கட்டும்போதே இரு சாதியாருக்கு இரு பக்கமாகக் கட்டினார்கள். அந்தத் தடுப்பை 1910-இல் அகற்றியபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. திருப்பலி காண வந்தவர்கள் வக்கீல் வைத்து வழக்காடியிருக்கிறார்கள், சுவர் வேண்டுமென்று!

இவை பழங்கதைகள் என்று ஒதுக்க முடியாதபடி, நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஏறையூரில் 2008 மார்ச் மாதத்தில் நடந்தது இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஏனென்றால் இருக்கிற பங்கில் அவர்கள் சமமாக நடத்தப்படவில்லை. கிறிஸ்தவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் மூண்டது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். அப்போது நாங்கள் பிறந்திருக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003 நவம்பரில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாடு நீடிப்பது சுவிசேஷத்துக்கே எதிர்சாட்சி என்ற கருத்தில் எச்சரித்திருந்தார்.

இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. ஆண்டு மலர் வீட்டுக்கு வீடு போகும், பெற்றோர் படிப்பார்கள், ஆறிய புண்ணை ஏன் கீற வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஆறிய புண் என்று யார் சொல்ல வேண்டும்? அதைச் சுமப்பவள் அல்லவா சொல்ல வேண்டும்? வேறொருத்தி, இது சமுதாயத்தில் உள்ள வழக்கம்தானே, கோயிலுக்கும் இதற்கும் என்ன என்றாள். அதைக் கேட்டதும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்ல் கிரவுல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மன் அறிஞர் சொன்ன காரணத்தை, அவர் பெயரையே கேட்டிராத எங்கள் வகுப்புத் தோழி இன்று அப்படியே சொல்கிறாள்.

கிரவுல் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. தமிழை நேசித்தவர், திருக்குறளை மொழிபெயர்த்தவர். கட்டாயத்தால் மனம் மாறாது என்று அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் விடு, இல்லையேல் வெளியே போ என்று சொல்லியிருந்தால் பலர் மறுபடி பழைய மதத்துக்கே போயிருக்கலாம். ஓக்ஸின் வழி கடினமானது. அவரும் பிளவைத்தான் உண்டாக்கினார் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் எங்களுக்கு ஒன்று புரியவில்லை. மெல்ல மெல்லக் கரையட்டும் என்று காத்திருப்பவர் யார்? ஊர்த்தெருவில் இருப்பவர். காத்திருப்பதால் முழங்கால் சேற்றில் இறங்குபவர் யார்? வேறொருவர். ஒருவருடைய பொறுமைக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார் என்றால் அதைப் பொறுமை என்று எப்படிச் சொல்வது?

தனித்தனியாக இருந்தால் சண்டை இல்லாமல் இருக்கலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். சண்டை இல்லாததுதான் ஒற்றுமை என்றால், நம் ஆயாவும் லுத்தரன் ஆயாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களே, அதுவும் ஒற்றுமைதான்.

லுத்தரன் தோழிகளிடமும் கேட்டோம், சாதியை எதிர்த்துப் பிறந்த சபையில் வீடுகளிலாவது அது போய்விட்டதா என்று. கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே அதுதான் என்றார்கள். எங்கள் வீடுகளிலும் அப்படியே. இதில் எந்தக் கோயிலார் எந்தக் கோயிலாரையும் பார்த்து விரல் நீட்ட இடமில்லை.

எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் வேப்பமரத்தடியில் வட்டமாய் உட்காருவோம். வட்டம் ஒன்றல்ல, மூன்று. தோழமைப்படி பிரிந்திருக்கிறோம் என்றே இவ்வளவு நாளும் எண்ணியிருந்தோம். அன்று பிற்பகல் யார் யார் எந்த வட்டத்தில் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அப்படியே தெருவாரியாக இருந்தது. எவரும் எங்களை அப்படி உட்காரச் சொல்லவில்லை. சிஸ்டர்கள் இதைக் கண்டிருந்தால் நிச்சயம் கண்டித்திருப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் கால்கள் தாமாக அங்கே போயிருக்கின்றன. கடைசி பெஞ்சுத் தோழி கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பின் வாசனை எங்களுக்குத் தெரியும், ருசி தெரியாது. ஐந்து ஆண்டுகள்!

இன்னொரு வேடிக்கையும் கண்டோம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு தேவைப்படும் என்று எல்லோரும் சாதிச் சான்றிதழ் எடுத்து வந்திருந்தோம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, தாழ்த்தப்பட்ட வகுப்பினர் கிறிஸ்தவர் ஆனால் அந்தப் பட்டியலில் இடமில்லை. நம் மாநிலத்தில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறார்கள். கிறிஸ்தவ மதத்தில் தீண்டாமை இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வேதத்தில் இல்லைதான். அவளுடைய ஆயாவின் தூம்பாவை வாய்க்கால் கரையில் தூக்கிச் சென்றவர்களிடம் போய் அந்தக் காரணத்தை யார் வாசித்துக் காட்டுவது?

ஆகவே எங்கள் கருத்து இது. ஒற்றுமை வாரத்தில் லுத்தரன் ஐயரும் நம் பங்குத்தந்தையும் ஒரே மேடையில் நின்று செபிப்பதைக் கண்டு நாங்கள் மகிழ்கிறோம். அது தொடர வேண்டும். ஆனால் உரோமைக்கும் விட்டன்பர்க்குக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கிற நாம், ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் இடையே உள்ள அரை மைலை அளப்பதில்லை. அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டே இரண்டு சபைகள் கைகுலுக்கினால், கைகுலுக்குவது யார் யார்? இரண்டு ஊர்த்தெருக்கள்தாம்.

வட்டத்தை இப்போது ஒன்றாக்கியிருக்கிறோம். முதல் நாள் பேச்சே வரவில்லை. இரண்டாம் நாள் கருவாட்டுக் குழம்பு பேச வைத்தது. மூன்றாம் வாரம் இரண்டு பேர் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று மறுபடி தனியே போய் உட்கார்ந்தார்கள். அவர்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது எங்கள் பக்கம் பார்க்கிறார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அந்தத் தோழியின் ஊரில் ஆண்டுதோறும் தெற்குத் தோட்டத்தை முதலில் மந்திரித்து, வெயில் ஏறிய பிறகு வாய்க்கால் கரைத் தோட்டத்துக்குப் போவார்கள். இந்த ஆண்டு நாங்கள் ஒன்பது பேர், இரண்டு லுத்தரன் தோழியரும் உட்பட, மெழுகுதிரியோடு அவள் ஆயாவின் கல்லறைக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறோம். ஐந்து வீடுகளில் சரி என்றார்கள். மூன்று வீடுகளில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஒரு தாயார் மட்டும், அவர் ஊர்த்தெருவைச் சேர்ந்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நானும் வரேன். அந்தத் தோட்டத்துக்கு வழி எனக்குத் தெரியாது, பிள்ளைய விட்டுக் காட்டச் சொல்லு” என்றார்.